நேராக விழுந்த முத்திரை

அகிதா
8 அக்டோபர் 2013

அன்பு மிட்சுயோவுக்கு,

நீ அனுப்பிய கம்பளிச் சட்டை வந்தது. தனியாகச் சமைத்துச் சாப்பிட்டு நாக்கு செத்துப்போயிற்று.

இருபது வருடமாக நம் நாடு ஏன் வளரவே இல்லை என்று வங்கியில் ஓர் அறிக்கையை என் தலையில் கட்டினார்கள். பெருகும் முதியோர், பழைய இயந்திரங்கள், நொடித்த கம்பெனிகளுக்கே மறுபடி கடன் என்று எழுதி முடித்தேன். கடைசியில் கையெழுத்துக்குப் பதிலாக என் பெயர் முத்திரையைக் குத்தும்போது தவறிவிட்டது. வங்கி வழக்கப்படி மேலதிகாரியின் முத்திரையை வணங்குவதுபோல் என்னுடையது சாய்ந்திருக்க வேண்டும், நேராக விழுந்துவிட்டது. “என்னய்யா, தலை நிமிர்ந்துடுச்சோ?” என்றார் மேலதிகாரி துபோகுரா. முழுவதையும் மறுபடி அச்சடித்தேன். நகல் இத்துடன். படித்துச் சொல்.

உன் குனியாக்கி

ஹமமாட்சு
15 அக்டோபர்

அன்புள்ள உங்களுக்கு,

படித்தேன். முத்திரையையும் ஒரு காரணமாகச் சேர்த்திருக்கலாம். சிரித்து வயிறு வலித்தது.

இன்னொன்றும் விட்டுப்போயிற்று. லென்ஸ் ஆய்வகத்தில் இருந்தவள் சூப்பர் மார்க்கெட்டில் இறால் பொரிக்கிறேன். அதையும் வருடம் முழுக்கச் செய்ய வழியில்லை. என் சம்பளம் வருட வரம்பைத் தாண்டினால் உங்கள் வங்கி தரும் மனைவிப் படி நின்றுவிடும். “வருஷக் கடைசியில, கூட்டம் அள்ளுற நேரத்துல, வரம்பு தாண்டிடும்னு எல்லாப் பொம்பளைங்களும் லீவு போட்டா நானா பொரிக்கிறது?” என்று மேனேஜர் புலம்புகிறார்.

என் பழைய சீனியர் புகாய் புதிதாக லென்ஸ் பட்டறை தொடங்கி, முழுநேர வேலைக்குக் கூப்பிடுகிறார். போக ரொம்ப ஆசையாக இருக்கிறது. என்ன சொல்கிறீர்கள்?

மிட்சுயோ

அகிதா
24 அக்டோபர்

அன்பு மிட்சுயோ,

உன் ஆசை புரிகிறது. ஆனால் படி வேண்டாமென்று எழுதிக் கொடுத்தால் துபோகுரா என்ன நினைப்பார்? இங்கே யார் மனைவியும் அப்படிப் போவதில்லை. ஏப்ரலில் எனக்கு மாற்றல் வரும். ஊருக்கு வந்ததும் பேசலாம், கொஞ்சம் பொறு.

குனியாக்கி

ஹமமாட்சு
4 நவம்பர்

அன்புள்ள உங்களுக்கு,

போன வருடமும் இதே ஏப்ரலைத்தான் சொன்னீர்கள். கோபமில்லை, அலுத்துவிட்டது.

உங்கள் அறிக்கையை மறுபடி படித்தேன். ‘வேறு யாராவது முதலில் அசையட்டும் என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள்’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நான் அசைந்துவிட்டேன். வரும் திங்கட்கிழமை வேலையில் சேர்கிறேன். வங்கிக்கு நீங்கள் சொல்கிறீர்களா, நானே எழுதட்டுமா?

முள்ளங்கி ஊறுகாய் அனுப்பியிருக்கிறேன்.

மிட்சுயோ

அகிதா
12 நவம்பர்

அன்பு மிட்சுயோ,

ஊறுகாய் தீர்ந்துவிட்டது. முதல் நாள் வேலை எப்படி இருந்தது? ஒன்று விடாமல் எழுது.

மனைவிப் படியை நிறுத்தச் சொல்லும் படிவத்தை இன்று கொடுத்தேன். துபோகுரா என் முத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மறுபடியும் கை தவறிடுச்சா?”

“இல்லைங்க சார். நேராத்தான் குத்தினேன்.”

உன் குனியாக்கி