நான் கேட்காமல் விட்ட நான்கு கேள்விகள்

உனக்கு இப்போது கடிதம் எழுதுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. படிக்க ஆள் இல்லை என்று தெரிந்துதான் தைரியமாக எழுதுகிறாய் என்று நீ கேலி செய்வாய். அது உண்மையும்கூட. எழுத உட்கார்ந்ததற்கு மட்டும் பொறுத்துக்கொள்.

போன வாரம் என் சான்றிதழ் ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்தேன். பட்டச் சான்றிதழுக்குப் பின்னால், நாலாக மடித்து, ஆறு வருஷமாக அங்கேயே இருந்தது. கோடு போட்ட நோட்டுத் தாள். நடுவில் வியர்வை பட்டு மை கலைந்திருக்கிறது. பியானோ வாங்கும்போது கடையில் கேட்க எழுதி வைத்த கேள்விகள். எண்பத்தெட்டுக் கட்டைகள் இருக்கின்றனவா? கட்டைகள் எடை வைத்தவையா, வெறும் ஸ்பிரிங்கா? இடது ஓரத்துக் கட்டை வலது ஓரத்தைவிடக் கனமாக இறங்குகிறதா? பெட்டியைப் பிரித்து வாசித்துப் பார்க்கலாமா? என் கையெழுத்துதான். நீ இந்தத் தாளைப் பார்த்ததே இல்லை.

அப்போது நாம் பெரம்பலூரில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தோம். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாடியில் சாயங்காலம் நடக்கும் கீபோர்டு வகுப்புக்கு நீ போவாய். துணைக்கு வந்து நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். திருச்சியில் நடக்கும் பியானோ கிரேடு தேர்வில் தேறிவிட்டால் உங்கள் ஊர் ஜெயங்கொண்டத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் மியூசிக் டீச்சர் வேலை தருவதாக உனக்குச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் வைத்துப் பழக ஒன்று வேண்டும், அதுவும் குறைந்த விலையில். "நீ இங்கிலீஷ்ல படிச்சுப் பாத்து என்னென்ன கேக்கணும்னு எழுதிட்டு வந்துடு. பேரத்த நான் பாத்துக்கறேன்" என்றாய்.

காலேஜ் கம்ப்யூட்டர் லேபில் இரண்டு மதியம் உட்கார்ந்து படித்தேன். நிஜமான பியானோவில் ஒவ்வொரு கட்டையும் உள்ளே ஒரு சுத்தியலைத் தூக்குகிறது. அதனால்தான் விரலுக்குக் கனக்கிறது, இடது ஓரத்தில் இன்னும் கூடுதலாக. அந்தக் கனத்தை வைத்துச் செய்த மலிவான டிஜிட்டல் பியானோக்களும் உண்டு. கனமே இல்லாத கீபோர்டில் பழகியவர்களின் விரல் பியானோ முன்னால் திகைத்துவிடும். இவ்வளவும் எனக்குப் புரிந்திருந்தது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

திருச்சிக் கடையில் ஏசி குளிர். அப்படி ஒரு கடைக்குள் நான் அதற்கு முன் போனதில்லை. டை கட்டிய விற்பனையாளர் பெட்டியைப் பிரிக்கக்கூட இல்லை, அட்டையில் இருந்த படத்தைத்தான் காட்டினார். "இருநூறு சவுண்டு, நூறு ரிதம். தபேலாகூட வரும் மேடம்." படத்தின் கீழேயே அறுபத்தொரு கட்டை என்று போட்டிருந்தது. நீ என் பக்கம் திரும்பி, "எல்லாம் சரியாடி? நீ எழுதுனதெல்லாம் இதுல இருக்கா?" என்றாய். தாள் என் கைக்குள் கசங்கிக்கொண்டிருந்தது. அவரும் என்னைப் பார்த்தார். கேட்டால் சிரிப்பாரோ, பிரிக்கச் சொல்லிவிட்டு வாங்காமல் போனால் திட்டுவாரோ. என் பயம் அவ்வளவுதான். எல்லாம் இருக்கிறது என்று தலையை ஆட்டினேன். நீ அதையே வாங்கினாய்.

பஸ்ஸில் பெட்டியை நிறுத்தி வைக்க இடமில்லை. கண்டக்டர் வந்து, "என்னம்மா இது, வூட்டுக் கதவக் கழட்டிட்டு வரீங்களா? இதுக்கும் ஒரு டிக்கெட் எடுக்கணும்" என்றார்.

"எடுக்கறேண்ணே. அப்ப அதுக்கும் ஒரு சீட்டு குடுங்க. ஜன்னல் ஓரமா" என்றாய் நீ.

பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு முன்னால் போய்விட்டார். பெட்டியிலிருந்து தெர்மாகோல் வாசம் வந்துகொண்டிருந்தது.

தேர்வு அறையிலிருந்து நீ வெளியே வந்ததும் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். "கட்டை கல்லு மாதிரி இருந்துச்சுடி. அமுக்கினா பாதிக்கு மேல சத்தமே வரல. தேர்வு வெச்ச அந்தம்மா என்னைப் பாவமாப் பாத்துச்சு. என் விரல்ல தெம்பு இல்லடி" என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றேன்.

அதன் பிறகு நீ மருந்துக்கடையில் ஒரு பச்சை ரப்பர் பந்து வாங்கினாய். பஸ்ஸில், வகுப்பில், உங்கள் ஊர் முந்திரித் தோப்புப் பக்கம் நடக்கும்போது, எப்போதும் அதை அமுக்கிக்கொண்டே இருந்தாய். உன் அம்மா தினமும் ஒரு முட்டை அவித்துக் கொடுத்தார்கள். இரண்டாவது முறையும் தவறிப்போனது. நீ ஜவுளிக்கடையில் பில் போடப் போனாய். கீபோர்டின் மேல் பழைய தாவணி ஒன்றைப் போர்த்தி வைத்தாய். நான் உன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதைப் பார்க்காத மாதிரி உட்காருவேன்.

மஞ்சள் காமாலை முற்றி நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பத்து விரலையும் விரித்துக் காட்டினாய். "பாரு, இப்ப நெசமாவே தெம்பு இல்ல" என்று சிரித்தாய். சொல்ல வாயெடுத்தேன். நர்ஸ் வந்தார்கள். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். அப்போதும் நான் தலையைத்தான் ஆட்டினேன். அதற்கு நான்காம் நாள் உன் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்து, போன வாரம் உன் அம்மா போன் செய்தார்கள். உன் தங்கை அதே தேர்வை எழுதப் போகிறாளாம். "அவளுக்கும் நீதானம்மா பாத்து வாங்கிக் குடுத்த. இவளுக்கும் நீயே பாத்துக் குடுத்துடு. எங்களுக்கு என்னா தெரியும்?" நான் அரியலூரில் ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். போனில் தலையாட்டினால் தெரியாது என்பதால் சரி என்று சொன்னேன்.

சனிக்கிழமை அவளோடு திருச்சிக்குப் போனேன். வேறு கடை. தாளை மேசைமேல் விரித்து வைத்து நான்கையும் கேட்டேன். கடைக்காரப் பெண் சிரிக்கவில்லை. "தாராளமா வாசிச்சுப் பாருங்க மேடம், அதுக்குத்தானே வந்திருக்கீங்க" என்று பெட்டியைப் பிரித்தாள். ஒரு நிமிஷ வேலை. அதற்கா நான் அப்படிப் பயந்தேன்?

இடது ஓரத்துக் கட்டையை அமுக்கினேன். கனமாக, மெதுவாக இறங்கியது. அந்தத் தேர்வு அறையில் உன் விரல் பட்ட பாடு என் விரலுக்கு அப்போதுதான் தெரிந்தது.

எண்பத்தெட்டுக் கட்டைகள், எடை வைத்தவை. ஸ்டாண்டு சேர்த்து வாங்கக் காசு போதாது, உங்கள் ஊர் வெல்டிங் பட்டறையில் செய்துகொள்ளலாம் என்று முடிவு செய்தோம். "அக்கா, இதுல பத்து சவுண்டுதான் இருக்கு. தபேலா இல்லியா?" என்று உன் தங்கை முகம் சுருங்கினாள். "தபேலா வேணாம், இதுதான் வேணும்" என்றேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கடையில் உறுதியாகப் பேசினேன்.

பிறகு அவள் வாசித்துப் பார்த்தாள். நாலு கட்டையிலேயே கையை உதறிக்கொண்டாள். "அம்மா சொல்லும், அக்காவுக்கு விரல்ல தெம்பு இல்லன்னு. எங்க குடும்பத்துக்கே இல்ல போலருக்குக்கா."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பழகிடும்" என்றேன். அவ்வளவுதான். கட்டையைப் பற்றிக் கேட்கத் தெரிந்த வாய் உன்னைப் பற்றிச் சொல்லும்போது அடைத்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை பெட்டி உங்கள் வீட்டுக்கு வருகிறது. பொருத்திக் கொடுக்க நான் போகிறேன். தாளையும் எடுத்துப் போவேன். உன் அம்மாவிடமும் தங்கையிடமும் அதைக் காட்டி நடந்ததைச் சொல்லப் போகிறேன். உன் அம்மாவை எனக்குத் தெரியும். "விடும்மா, சின்னப் புள்ளைங்க" என்று உடனே சோறு போட்டுவிடுவார்கள். நீயும் அப்படித்தான். என் முகம் வாடினால் உனக்குப் பொறுக்காது.

அதனால்தான் கடைசிவரை தள்ளிப்போட்டு இதைக் கேட்கிறேன். உன் விரல்களில் ஒரு குறையும் இருந்ததில்லை என்று உன் வீட்டில், அவர்கள் காதுபட, நான் சொல்லி முடிக்கும்வரை என்னை மன்னித்துவிடாதே.