கண்ணுக்குப் பின்னால் ஒரு பொட்டு

1944 ஜனவரி 9, ஞாயிறு

ஏரிக்குத் துணி துவைக்கப் போனேன். தண்ணீரில் ஏழெட்டு வெள்ளைப் பறவைகள். சிவந்த கால். கண்ணுக்குப் பின்னால் திருஷ்டிப் பொட்டு வைத்தாற்போல் ஒரு கறுப்புப் புள்ளி. எங்கள் ராயபுரத்துக் கடற்காக்கைகளேதான். துறைமுகத்துக்கு நான் சாப்பாடு கொண்டுபோனால் தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றும். அங்கே வேலை செய்த என் வீட்டுக்காரர் பாதிச் சோற்றை அவற்றுக்கு வீசிவிட்டு என்னிடம் திட்டு வாங்குவார். நான் காலைத் தேய்த்து நடக்கும் சத்தத்தை வைத்தே, திரும்பிப் பாராமல், "சோறு வந்துடுச்சு" என்பார்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் அக்கா வீட்டுக்கு, திருத்தணிக்கு வந்து இரண்டு வருடமாகப் போகிறது.

ஜனவரி 11

அக்கா வீட்டுக்காரர் துளசிங்கம் பாவா தறியைவிட்டு எழாமலே தீர்ப்புச் சொன்னார்: "அது ஆலா. கடப்பட்சிக்கு இங்க இன்னா வேலை?"

ஆலாவுக்கு வால் பிளந்திருக்கும். தண்ணீரில் பாய்ந்து மீன் பிடிக்கும். இதுவோ ஏருக்குப் பின்னாலேயே நடந்து புழு பொறுக்குகிறது. சொன்னால் கேட்டால்தானே.

பிப்ரவரி 3

போன ஆவணியில் சரக்குக் கப்பல் ஏறியவர். இன்னும் ஒரு சேதியும் இல்லை. உயிரோடு வந்தால் மலையில் முடி கொடுக்கிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன். அக்காவுக்குக் கோபம். "இடுப்புவரைக்கும் வளந்த முடிடீ."

இருக்கட்டும்.

பிப்ரவரி 20

கூட்டத்தில் ஒரு நொண்டி. ஒரு பாதமே இல்லை. போனால் முதலில் அதைத்தான் தேடுகிறேன்.

மார்ச் 24

என் பறவைகளைக் காணோம். ஏரியில் இன்று வேறு கூட்டம். வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் தலை. பொட்டு இல்லை.

வீட்டுக்கு வந்து அழுதேன். "பட்சிக்கா அழுதுகினு கீற?" என்றாள் அக்கா. பட்சிக்கு மட்டுமா?

மார்ச் 26

அந்தக் கறுத்த தலைகளுக்கு நடுவே என் நொண்டி — அதே கால், அதே நடை. தலைதான் மாறியிருக்கிறது. ஊர் திரும்பும் காலம் வந்தால் கறுத்துவிடும் போலிருக்கிறது. ராயபுரத்தில் இத்தனை வருடம் பார்த்தும் இரண்டு ஜாதி என்றே நினைத்திருந்தேனே, மடச்சி.

பாவாவிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 12

ஏரி காலி.

ஏப்ரல் 19

நூல் வாங்க அரக்கோணம் போன பாவா வேர்க்க விறுவிறுக்க வந்தார். "சகலை பட்டணம் வந்து சேந்துட்டாராம். வெள்ளிக்கிழமை வண்டிக்கு இங்க வராரு."

முதலில் வேண்டுதல், பிறகுதான் ரயிலடி.

ஏப்ரல் 21, வெள்ளி

விடியலில் மலையேறி முடி கொடுத்துவிட்டு, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு நேரே ரயிலடிக்கு ஓடினேன்.

இறங்கினார். பாதியாக இளைத்திருந்தார். என்னைப் பார்த்தார். வேண்டுதலுக்கு வந்த யாரோ என்று நினைத்துத் தாண்டிப் போனார். ரயிலடியில் பேர் சொல்லியா கூப்பிட முடியும்? பின்னாலேயே நடந்தேன்.

கொஞ்ச தூரம் போனவர் நின்றார். திரும்பவில்லை.

"சோறு வந்துடுச்சு" என்றார்.