ராணி என்னை அடையாளம் கண்டுகொண்டாள்

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மனைவி ராணியைச் சிறுநீர்த் தொற்றுக் காய்ச்சலுக்காக நேற்று ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். இன்று காலை என்னைப் பார்த்து, "போர்மேன் அண்ணே, லோடு ஏறிருச்சா?" என்றாள். பயந்துபோய் நர்ஸிடம் சொன்னேன். பிரஷரும் மூச்சும் பார்த்த அவர் முகம் மாறியது.

"செப்சிஸ் மாதிரி இருக்குண்ணே. கிருமி ரத்தத்துல ஏறிருச்சு போல."

டாக்டர் ஓடிவந்தார். ரத்தம் எடுத்த கையோடு ஆன்டிபயாடிக்கும் குளுக்கோஸும் ஏற்றி, ஐ.சி.யு.வுக்குக் கொண்டுபோனார்கள்.

சாயங்காலம் சற்று நேரம் உள்ளே விட்டார்கள். ராணி கண் திறந்து, "சாப்பிட்டீகளா?" என்றாள். ஆச்சு என்று பொய் சொன்னேன். காலையில் இறங்கிப்போயிருந்த பிரஷர் ஏறியிருக்கிறது, ஆனாலும் இரண்டு நாள் போகட்டும் என்கிறார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து பாய் விரித்தபோது அவளுக்கும் சேர்த்து விரித்துவிட்டேன். சுருட்ட மனம் வரவில்லை.