நீங்கள் வலிய இழுத்த சண்டை

அக்கா,

இன்று காலை என் கொத்தமல்லிப் பாத்தியை ஒரு கோழி கிளறிக்கொண்டிருந்தது. வழக்கம்போல உங்கள் வாசலைப் பார்த்துத் திட்ட வாயைத் திறந்துவிட்டேன். அப்புறம்தான் நினைவு வந்தது, பக்கத்து அறையான உங்கள் காம்பராவில் இப்போது வேறு குடும்பம். கோழியும் அவர்களுடையதுதான். வந்த புதிதில் அவர்களைத் திட்டுவது சரியில்லை என்று கோழியை மட்டும் விரட்டினேன். வாயோடு நின்றுபோன திட்டு உங்களுக்கு உரியது என்பதால் இதை எழுதுகிறேன்.

கொரோனா காலத்தில், தேயிலைத் தோட்டத்தில் காம்பராக்கள் வரிசையாக ஒட்டிக் கிடக்கும் நம் லயத்தில் ஒருவருக்கு நோய் என்று தெரிந்ததும் எல்லாக் கதவும் சாத்திக்கொண்டன. வயதானவர்கள் தலைகாட்டவே கூடாது என்றார்கள். என் வீட்டுக்காரர் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மகன் கொழும்பில் வேலை செய்த கடையிலேயே அடைபட்டிருந்தான். நான் சமைப்பதை விட்டேன், தலை வாருவதை விட்டேன். நாளை விடியாவிட்டால் நல்லது என்று நினைத்துக்கொண்டு படுத்தே கிடந்தேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, நினைத்தது உண்மை.

கிழவியைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று எல்லாரும் ஒதுங்கிப் போனார்கள். நீங்கள் மட்டும் கதவுக்கு வெளியே நின்று, "எந்திரி தங்கச்சி, ஒரு வாய் தேத்தண்ணியாவது குடி" என்று கெஞ்சினீர்கள். நான் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன். மறுநாளும் கெஞ்சினீர்கள். அதற்கு அடுத்த நாள், லயமே கேட்கிற மாதிரி ஒரு சத்தம்.

"ஏன்டி, ஒன் பூசணிக்கொடி ஏங் கூரையில ஏறிக் கெடக்கே, தகரம் ஒழுகுனா ஒங்கப்பனா வந்து மாத்துவான்?"

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

"எப்பிடிப் பேசுவா? பிள்ளைக் காம்பராவுல பச்சப் புள்ளைங்க பாலுல தண்ணி கலந்தவதானே!"

தாய்மார் கொழுந்து பறிக்கப் போனால் அவர்கள் விட்டுச் செல்லும் குழந்தைகளை ஆயாவாக இருந்து வளர்த்தவள் நான். லயத்தில் பாதிப் பேர் என் மடியில் தூங்கியவர்கள். என்னைப் பார்த்தா இந்தப் பேச்சு? எங்கிருந்து வலு வந்ததோ, கதவைப் படாரென்று திறந்து வாசலில் நின்றேன். எடை கூட நீங்கள் கொழுந்துக் கூடையின் அடியில் முற்றல் இலையை ஒளித்தது முதல் ஒன்று விடாமல் எடுத்துவிட்டேன். நீங்களும் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு, உங்கள் வாசலில் நின்றபடியே பதிலுக்குப் பதில் கொடுத்தீர்கள். தொண்டை வற்றி உள்ளே வந்தபோது எனக்குப் பசித்தது. அடுப்பை மூட்டி இரண்டு ரொட்டி சுட்டேன். தின்றுகொண்டே, மறுநாள் உங்களை என்ன கேட்பது என்று யோசித்தேன்.

அதன்பிறகு தினமும் சண்டைதான். கடைசிக் காம்பராத் தாத்தாவும் அதுவரை கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தவர்தான். நாற்காலியை வாசலில் போட்டு நாட்டாமை பண்ண ஆரம்பித்தார். "நேத்து வேற மாதிரியில்ல சொன்ன, ஆத்தா?" என்று என்னை மடக்கியபோது லயமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஊரடங்கு தளர்ந்து, மலை ஊற்று விழும் பீலியில் தண்ணீர் பிடிக்க வந்த அன்று, குடத்தைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தீர்கள்.

"பாலுல தண்ணி கலந்தன்னு சொன்னத மனசுல வச்சுக்காத. நல்ல வார்த்தைக்கு நீ எந்திரிக்கல. வேற என்னா செய்யிறது?"

"நா எந்திரிக்காட்டி ஒங்களுக்கு என்னாக்கா?"

"அடிப்போடி. நீயும் போயிட்டா நா யாருகிட்ட கத்துறது? எனக்கும் அந்த நாலு செவுருதானே."

அன்றுதான் எனக்கு உறைத்தது. அத்தனை நாளும் நீங்களும் தனியாகத்தான் இருந்திருக்கிறீர்கள்.

உங்கள் சாவு வீட்டில் மற்றவர்கள் ஒப்பாரி வைத்தார்கள், நான் உங்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். யாரும் தடுக்கவில்லை.

இப்போதும் மழை விடாத மாதங்களில் மனம் சோர்ந்துபோகிறது. போன மாதம் மகன் தொலைபேசியில், "நல்லா இருக்கியாம்மா?" என்றான். நல்லா இருக்கேன் என்று சொல்லத்தான் வாய் போனது. உங்களை நினைத்துக்கொண்டேன்.

"இல்லடா, நல்லா இல்ல. பேச ஆளில்லாம மனசு என்னமோ பண்ணுது. புள்ளைங்கள கூட்டிக்கிட்டு வா" என்று கத்தியே சொன்னேன்.

அந்த வாரமே எல்லாருமாக ஹட்டனில் ரயிலை விட்டு இறங்கினார்கள். கேட்டால் வந்துவிடுகிறார்கள், அக்கா. கொஞ்சம் சத்தமாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.