கோபுரத்தடியில் க்ளெம் சொன்னது

1961 அக்டோபர் 9, திங்கள்
துவைத்தது எதுவும் காயவில்லை. க்ளெமின் இருமல் சமையலறை வரை கேட்கிறது. கிறிஸ்துமஸைப் பார்ப்பதே சந்தேகம் என்று டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார். அவனுக்கும் தெரியும் போல. சூப்பைக் கிண்டிக்கொண்டே, "வினி, பழைய கதீட்ரலுக்கு ஒரு தடவை கூட்டிட்டுப் போறியா?" என்றான். கோவென்ட்ரியில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்ட அந்த இரவுக்குப் பிறகு, இருபத்தோரு வருஷமாக அந்தப் பக்கமே போகாதவன்.

அக்டோபர் 11
மழை. போகவில்லை.
அந்த இரவு அவன் தீயணைப்புப் படையில். எனக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட். வீட்டில் எங்கள் மகள் டோரீனோடு என் தங்கை ஐரிஸ். டோரீனுக்கு ஆறு வயது. மூன்றாம் நாள்தான் இருவரின் உடலையும் வெளியே எடுத்தார்கள். நான் ஏன் ஷிப்டுக்குப் போனேன்?

அக்டோபர் 14, சனி
போனோம். இருபது அடிக்கு ஒரு முறை நின்றான். கூரையில்லாத சுவர்கள், தரையெல்லாம் மழைத்தண்ணீர். பக்கத்தில் புதுக் கதீட்ரலின் கட்டட வேலைச் சத்தம். கருகிய உத்தரத்தில் செய்த சிலுவைக்குப் பின்னால், 'தந்தையே, மன்னியும்' என்று சுவரில் வெட்டியிருக்கிறார்கள்.
"யாரைன்னு எழுதலையே," என்றான்.
கோபுரத்தடியில் உட்கார்ந்தான். "அன்னைக்கு இங்கதான் இருந்தேன்."
"தெரியும். விடியறவரைக்கும் குழாயைப் பிடிச்சுக்கிட்டு."
"இல்ல வினி. தண்ணி நின்னுபோச்சு. யார்கிட்டயும் சொல்லாம வீட்டுக்கு ஓடினேன். வீடு பாதி இடிஞ்சு கிடந்துச்சு. உள்ளேருந்து ஐரிஸ் கத்தினா. 'யாராவது வாங்க, புள்ள உயிரோட இருக்கு'ன்னு. பக்கத்துல இன்னொரு குண்டு விழுந்துச்சு. நான்... திரும்பி ஓடிட்டேன். விடியறவரைக்கும் இந்தச் சுவரோரம் முகத்தை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன்."
பஸ்ஸில் நான் வேறு இருக்கையில் உட்கார்ந்தேன்.

அக்டோபர் 16
"ஏதாவது சொல்லு வினி. திட்டவாவது செய்."
முதுகைத் துடைத்துவிட்டேன். மருந்து கொடுத்தேன்.
ஷிப்டுக்குப் போயிருக்கக் கூடாதுன்னு இத்தனை வருஷம் நான் அழுதேனே! தோளைத் தட்டிக்கொடுத்தியே பாவி, ஒரு வார்த்தை சொன்னியா? உள்ளே போயிருந்தா அவனும் செத்திருப்பான். தெரியுது. தெரிஞ்சு என்ன செய்ய?

நவம்பர் 14
குண்டு விழுந்த அதே தேதி. ஒரு மாதம் கழித்து அவனிடம் முதல் பேச்சு.
"டோரீன் அழுதாளா?"
"அவ சத்தம் கேக்கல வினி. சத்தியமா."
இதையாவது நம்பலாமா?

டிசம்பர் 2
காலை பத்து மணிக்குப் போய்விட்டான். கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஏன் என்று தெரியவில்லை.

டிசம்பர் 5
பாதிரியார் வந்தார். நாளை அடக்கம். டீ ஊற்றிக் கொடுத்தேன்.
"விடியும்வரை நெருப்போட போராடினவர்னு பூசையில சொல்லலாம்னு இருக்கேன். அப்படித்தானே ஊரெல்லாம் பேச்சு?"
சர்க்கரைக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.
"அது வேண்டாம் ஐயா. டோரீனோட அப்பான்னு மட்டும் சொல்லுங்க."