இரண்டாவது பொட்டலம்

இன்று ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு நம் வீட்டில் இருந்தவர்கள்: நான், நம் உமா, உங்கள் கோல்கீப்பர் துரைப்பாண்டி, கால்பந்து அகாடமியிலிருந்து வந்த ஒரு தம்பி. ஆக நான்கு பேர். சுவரில் மாலையோடு நீங்கள். டீ ஐந்து டம்ளர் போட்டுவிட்டேன். "அஞ்சு எதுக்கும்மா?" என்று உமா கேட்டாள். கை தவறிவிட்டது என்று சொன்னேன்.

வந்தவருக்கு நம் கால்பந்துக் கழகத்தின் பதிவுச் சான்றிதழைப் பார்க்க வேண்டுமாம். அது பரணில் உங்கள் பந்துப் பைக்குள் இருந்தது. நீங்கள் போனபின் இந்த இரண்டு வருஷமாக அந்தப் பையை யாரும் தொடவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி ஜிப்பை இழுத்தேன். விளக்கெண்ணெய் வாசம் முகத்தில் அடித்தது. பட்டறையிலிருந்து வந்ததும் வாசலில் உட்கார்ந்து, பந்தை மடியில் போட்டு, பிள்ளைக்குத் தேய்ப்பதுபோல் எண்ணெய் தேய்ப்பீர்களே, அதே வாசம். "தோலு காஞ்சா சொல்பேச்சு கேக்காது, ஏளா" என்பீர்கள். ஸ்டூலிலிருந்து இறங்கத் தோன்றாமல் நின்றேன்.

"என்னம்மா, கெடைக்கலியா?" என்று கீழேயிருந்து உமா கேட்டாள்.

"கெடச்சிட்டு" என்றேன். சான்றிதழ் கிடைத்தது. பக்கவாட்டுப் பையில் இன்னொன்றும் கிடைத்தது. அதை முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கினேன். அதைப் பற்றிச் சொல்வதற்கு முன் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருந்தாலும் முதலில் அதைத்தான் கேட்பீர்கள்.

அந்தத் தம்பி மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். மரியாதையாகத்தான் பேசினார். "ஆன்ட்டி, நீங்க பயப்படவே வேண்டாம். உங்க கிளப்புக்கு லீக்ல ஒரு இடம் இருக்கு. எங்களுக்கு அந்த இடம்தான் வேணும். கீழேருந்து ஏறி வரணும்னா நாலஞ்சு வருஷம் ஆயிடும். இன்வெஸ்டர்ஸ் அவ்வளவு நாள் வெயிட் பண்ண மாட்டா."

"எங்களுக்குப் பதினோரு வருஷம் ஆச்சு தம்பி" என்றான் துரைப்பாண்டி. "அதுல அண்ணாச்சிக்கு எத்தன செருப்பு தேஞ்சுதுன்னு மதினிட்ட கேளுங்க."

"அதுக்குத்தானே அங்கிள் பணம் தரோம்" என்றார் அவர் சிரித்துக்கொண்டே.

பெயர் மாறுமாம். மஞ்சள் சட்டை போய்விடுமாம். நம் சால் குடியிருப்புப் பையன்கள் தேர்வுக்கு வரலாம். தேறினால் இரண்டு பேருக்குப் பாதிக் கட்டணமாம். மைதானத்துக்குள் கால் வைக்கக் கட்டணமா என்று கேட்க வாயெடுத்தேன். உமா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"சைன் பண்ணிரும்மா" என்றாள். "டீம் எங்க இருக்கு சொல்லு? பிராக்டிஸுக்கு ஆறு பேரு வரான். அதுல ரெண்டு பேரு மொபைல் பாக்க வரான். டீம் இப்ப பேப்பர்லதான் இருக்கு. பேப்பரக் குடுத்தா என்ன?" அவள் சொல்வதில் பொய் இல்லை. வாஷியில் ஆபீஸ், வீட்டில் பாதிச் சம்பளம் தருகிறாள், நான் சாப்பிட்டேனா என்று தினம் கேட்கிறாள். தமிழ் படிக்க மட்டும் அவளுக்கு வராது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதி, கணக்கு நோட்டுக்குள்ளேயே வைக்கப் போகிறேன்.

செயலாளர் நீங்கள். விதிப்படி செயலாளர் இல்லாவிட்டால் தலைவரும் பொருளாளரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். தலைவன் துரைப்பாண்டி. அவன் பேனாவை மூடி மேஜையில் வைத்தான். "மதினி போட்டா நானும் போடுதேன். அவிய போடலன்னா நானும் இல்ல" என்றான். அகாடமித் தம்பி செவ்வாய்க்கிழமை மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஐந்தாவது டம்ளர் டீ ஆடை படிந்து அப்படியே இருந்தது.

பொருளாளர் நான். என்னை அந்த இடத்தில் உட்கார வைத்தது நீங்கள். கூட்டத்தில் என் பெயரைச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். "மதினிக்கு ஆஃப்சைடு தெரியுமா அண்ணாச்சி?" என்று எவனோ கேட்டான். நீங்கள் சிரிக்காமல், "தெரியாது. ஆனா தப்பான எடத்துல ஒரு ரூவா நின்னா கண்டுபிடிச்சிருவா" என்றீர்கள். அன்று ராத்திரியே சமையல்கட்டுத் தரையில் டம்ளர்களை ஆட்டக்காரர்களாக நிறுத்தி, கரண்டியைக் கோடாகப் போட்டு நானே ஆஃப்சைடு படித்துக்கொண்டேன். மறுவாரம் ஆண்டாப் ஹில் மைதானத்தில், நடுவர் பார்க்காத ஒன்றை நான் பார்த்துச் சத்தம் போட்டேன். நீங்கள் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் என்னிடம் இருக்கிறது. கல்யாணத்தன்றுகூட நீங்கள் என்னை அப்படிப் பார்க்கவில்லை.

அந்த நாளில் ஆட்டம் என்றால் சால் முழுவதும் வரும். நம் ஆட்டக்காரப் பையன் மாரியின் அம்மா இட்லிப் பாத்திரத்தோடு வருவாள். நீங்கள் மேளம் எடுத்து வருவீர்கள். தோற்றாலும் மேளம் அடித்துக்கொண்டேதான் திரும்புவோம். தோற்றவன் நம் வீட்டுப் பையன், அவனை எப்படிச் சும்மா கூட்டி வருவது? மாரி இடது காலால் பந்தை எடுத்துக்கொண்டு ஓரமாக ஓடும்போது, அவனுடன் ஓடுவதற்கு வெளியே இருபது பேர் இருப்பார்கள்.

பிறகு அந்த நிலத் தரகர் வந்தார். எல்லோருக்கும் ஷூ, சட்டை, வண்டிச் செலவு, வெளியிலிருந்து நல்ல ஆட்டக்காரர்கள். பதிலுக்கு நெஞ்சில் பெரிய எழுத்தில் அவர் பெயர். நீங்கள் ஒரே வரியில் முடித்தீர்கள். "சட்டைமேல ஒருத்தன் பேரு ஏறிச்சின்னா, உள்ள இருக்கவன் பேரு அழிஞ்சிரும்." அந்த வருஷம் பட்டறையில் மாதத்தில் பாதி நாள்தான் வேலை. உமாவின் பள்ளிக்கூடத்துக்கு எடுத்து வைத்ததை அந்த வாரம்தான் பையன்களின் வண்டிக்குக் கொடுத்திருந்தீர்கள். நான் வேண்டும் என்றேன், நீங்கள் வேண்டாம் என்றீர்கள். மூன்று நாள் நமக்குள் பேச்சில்லை. நாலாம் நாள், "அம்மன்ட்ட கேட்டுருவோம்" என்றீர்கள்.

எதற்கும் அம்மனிடம் கேட்பது நம் வழக்கம்தானே. ஒரு பொட்டலத்தில் திருநீறு, ஒன்றில் குங்குமம். திருநீறு வந்தால் சரி, குங்குமம் வந்தால் வேண்டாம். பெனால்டி யார் அடிப்பது என்றுகூட நீங்கள் ஒருமுறை பொட்டலம் போட்டுப் பார்க்க, "அம்மனையும் கோச் ஆக்கிட்டியளே அண்ணாச்சி" என்று துரைப்பாண்டி தலையில் அடித்துக்கொண்டான். பொட்டலம் கட்டுவது எப்போதும் என் வேலை. அந்த வெள்ளிக்கிழமையும் குளித்து, விளக்கேற்றி, சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துதான் கட்டினேன். நாளிதழ் ஓரத்தைக் கிழித்து இரண்டு துண்டு. பூக்கட்டும் நூல்.

இரண்டிலும் திருநீற்றையே வைத்தேன்.

இதை உங்களிடம் நான் சொன்னதே இல்லை. உங்கள் தலைமாட்டில் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்த பதினாறு நாளும் வாய்வரை வந்து திரும்பிப் போயிற்று. கட்டும்போது என் கை நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

கோயிலில், அம்மன் காலடியில் வைத்த இரண்டில் ஏழு வயசு உமா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பிரித்தோம். வெள்ளை. நீங்கள் கும்பிட்டுவிட்டு, "அம்மன் சொல்லிட்டா. இனி பேச்சில்ல" என்றீர்கள். நான் தேங்காய் உடைக்கிற இடத்துக்கு நகர்ந்தேன். மற்ற பொட்டலத்தை எடுத்துவிட வேண்டும் என்று நினைவு வந்து திரும்பியபோது, அம்மன் காலடியில் அது இல்லை. பூசாரி பூவோடு பூவாகக் கூட்டித் தள்ளியிருப்பார் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். அந்த வருஷம் நாம் இறுதி ஆட்டம்வரை போனோம். ஆட ஆரம்பித்த பதினொரு பேரில் நம் ஆள் துரைப்பாண்டி ஒருவன்தான். மாரி வெளியே பெஞ்சில், ஷூ நாடாவைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தான். அவனை இறக்க வேண்டும் என்று நீங்கள் கேட்டீர்கள். "நான் காசு கொடுத்துக் கொண்டுவந்தவன் நிற்கும்போது இவன் எதற்கு?" என்று தரகர் இந்தியில் சொன்னார். என் பக்கத்தில் இருந்த மாரியின் அம்மா கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். "இதுல எவம்மா நம்ம பய?" என்றாள். ஆட்டம் முடியுமுன்பே இட்லிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டு கோலில் ஜெயித்தோம். கோப்பையைத் தரகர் தம் காரில் எடுத்துப் போனார். நாம் பேருந்தில் திரும்பினோம். மேளம் உங்கள் மடியில் இருந்தது, நீங்கள் அடிக்கவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஜெயித்த அன்று சாலில் ஒரு வீட்டுக் கதவுகூடத் திறக்கவில்லை.

மறுவருஷம் தரகர் பெரிய அணி ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனார். கூலிக்கு வந்தவர்களும் அவர் பின்னால் போனார்கள். நீங்கள் மறுபடி நம் பையன்களைச் சேர்த்தீர்கள். மாரி வரவே இல்லை. கோபம்கூடப் படவில்லை அவன். "வேல இருக்கு அண்ணாச்சி" என்றான், அவ்வளவுதான். அணி ஒரு படி கீழே இறங்கி அங்கேயே நின்றது. கோட்டுக்கு வெளியே நீங்களும் நானும் மட்டும் நின்ற ஆட்டங்கள் எத்தனை என்று நான் குறித்து வைக்கவில்லை. எல்லாவற்றையும் எழுதுகிற நான் அதை மட்டும் எழுதவில்லை.

ஒருமுறை நகரத்துப் பெரிய அணியின் ஆட்டத்துக்கு என்னைக் கூட்டிப் போனீர்கள், ஞாபகம் இருக்கிறதா? மேளத்தை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். கம்பெனி அனுமதி வேண்டுமாம். உள்ளே ஒலிபெருக்கியில் மேளச் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலிக்கு நாற்காலி கொடி வைத்திருந்தார்கள். திரையில் எழுத்து வந்தால் ஆட்ட வேண்டும். சுற்றிலும் இருந்தவர்கள் ஆட்டினார்கள். நீங்கள் கொடியை மடியில் வைத்துக்கொண்டு, ஆட்டத்தில் இறக்காத ஒருவரைப்போல உட்கார்ந்திருந்தீர்கள். பாதியில் எழுந்தோம். வெளியே வந்து மேளத்தைக் கையில் வாங்கியதும் சொன்னீர்கள்: "சாமி தப்பு சொல்லாது, ஏளா. நாமதான் கேக்கும்போது தப்பாக் கேட்டுருவோம்."

திரும்பி உங்கள் முகத்தைப் பார்த்தேன். ஆனால் நீங்கள் சாலையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னீர்கள். எப்போதும் சொல்கிற பேச்சு என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் நினைக்க வேண்டியிருந்தது.

இப்போது முந்தானையில் முடிந்ததைச் சொல்கிறேன்.

நாளிதழ் ஓரம். பழுப்பேறிப்போன சின்னப் பொட்டலம். மடிப்பு என் மடிப்புதான். ஆனால் கட்டியிருப்பது என் பூ நூல் இல்லை. நீங்கள் பந்து தைக்கிற மெழுகு நூல். அதில் உங்கள் இரட்டை முடிச்சு, எத்தனை உதை பட்டாலும் அவிழாது என்று நீங்கள் பெருமைப்படுகிற அதே முடிச்சு. ஒரு மூலையில் வெள்ளையாகப் பொடி கசிந்திருக்கிறது. உள்ளே என்ன என்று நான் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. நீங்கள் பிரித்துப் பார்த்திருக்கிறீர்கள்.

எந்த நாளில் பார்த்தீர்கள்? கோயிலிலேயேவா? "அம்மன் சொல்லிட்டா" என்றபோது நீங்கள் அம்மனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தீர்கள் என்று இன்று மதியத்திலிருந்து தோன்றிக்கொண்டே இருக்கிறது. நிஜமாகவே அப்படித்தான் பார்த்தீர்களா, அல்லது பயத்தில் நானே கற்பித்துக்கொள்கிறேனா? பின்னால் நீங்கள் வந்து நிற்பதுபோல் விளக்கெண்ணெய் வாசம். பையை மூடி மறுபடி பரணில் வைத்தாகிவிட்டது. வாசம் மட்டும் வீட்டைவிட்டுப் போகவில்லை.

அன்றைக்கே தெரியும் என்றால், எனக்காக, உமாவின் பள்ளிக்கூடத்துக்காக, தெரிந்தே கழகத்தை விட்டுக்கொடுத்தீர்கள். அப்படி விட்டுக்கொடுத்ததை நான் இன்னொரு முறை விற்கக் கூடாது. பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது என்றால், என் பொய்க்கு உங்கள் பையன்கள் கொடுத்தது போதும். அப்போதும் விற்கக் கூடாது. இந்த முறையும் இரண்டு பொட்டலத்திலும் ஒன்றுதான் இருக்கிறது. ஆனால் இதையும் கட்டியது நான்தானே. எனக்கு வேண்டிய பதிலையே மறுபடி இரண்டிலும் வைத்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. உமா சொல்வதுபோல் வெறும் காகிதத்தைத்தான் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறேனோ?

சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். பொட்டலம் கட்டவில்லை. எந்த முகத்தோடு கேட்பது? சும்மா விழுந்து கும்பிட்டுவிட்டு வந்தேன். அம்மனிடம் இனி நான் எதையும் கேட்கப்போவதில்லை. உங்களிடம் கேட்கிறேன். பொட்டலம் முந்தானையில்தான் இருக்கிறது. அவிழ்க்க மாட்டேன். அந்த முடிச்சு எனக்கு அவிழ்க்கவும் வராது.

செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு அந்தத் தம்பி வந்துவிடுவார். இருக்கப்போவது நான், உமா, துரைப்பாண்டி, அவர். ஐந்து டம்ளர் டீ போட்டு வைக்கிறேன். கையெழுத்துப் போடவா, வேண்டாமா? ஒரு சொல் போதும். எந்த விதத்தில் என்றாலும் எனக்குப் புரியும். அதற்குள் பதில் சொல்லுங்கள்.