பாட்டிலுக்குள் ஆறு காய்

மாப்ளே,

நேற்று என் மருமகன் பெங்களூரிலிருந்து ஒரு வைன் பாட்டிலோடு வந்து இறங்கினார். அதன் பின்பக்கச் சீட்டை எனக்காகத் தமிழில் சொல்லிக் காட்டினார். கறுப்புத் திராட்சையாம், பதப்படுத்திய தோலாம், முடிவில் மெல்லிய ஏலக்காயாம். "நம்ம ஊரு சரக்கு இதுல இருக்கு மாமா" என்று அவருக்கு ஒரே பெருமை.

நானும் கிளாசுக்குள் மூக்கை விட்டுப் பார்த்தேன். ஏலக்காய் இருக்கிறதாமே, எந்த ஏலக்காய்? செடியிலிருந்து அப்போதுதான் பறித்த பச்சைக் காயா, ஸ்டோர் என்கிற உலர்த்தும் அறையில் சூடு காட்டி எடுத்த காயா, பெட்டியில் ஒரு வருடம் கிடந்து சப்பென்று போன காயா? அந்தச் சீட்டை எழுதினவன் பாயசத்தில் மிதக்கும் தோலைத் தவிர வேறு ஏலக்காயைக் கண்டிருக்க மாட்டான். திராட்சைச் சாற்றைப் புளிக்கவைத்து விற்பதற்கு இத்தனை ஜோடனை. மூக்கை வெளியே எடுத்தபோது உன் ஞாபகம் வந்துவிட்டது.

ஒரே வகுப்பில் படித்த பாவத்துக்கு ஆயுசு முழுக்க ஒருவரையொருவர் மாப்ளே என்று கூப்பிட்டுக்கொண்டோம். நான் போடிமெட்டுச் சரிவில் ஏலக்காய் போடுகிறவன். நீ கீழே ஏல மையத்தில் ஒரு வியாபாரிக்காகக் காய் வாங்குகிறவன். மாதிரித் தட்டு உன் முன்னால் வரும். ஒரு காயை எடுத்து நகத்தால் பிளந்து மூக்கருகே வைப்பாய். உன் அகராதியில் இருந்தவை மொத்தமே மூன்று: நல்ல காய், ஈரம், கருகல். அதற்கு மேல் ஒரு சொல் பேசியதில்லை. உன் மூக்குக்குத் தப்பிய காய் போடியில் கிடையாது என்பார்கள்.

ஒருமுறை என் தட்டு வந்தது. ஊரே உட்கார்ந்திருக்க நீ சொன்னாய்: "கருகல். என்ன மாப்ளே, ஸ்டோர்ல தூங்கிட்டியா?"

உண்மையில் தூங்கித்தான் இருந்தேன். அடுப்பைப் பார்க்காமல் அசந்துவிட்டேன். அது உனக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் எனக்கு எரிச்சல். அதற்குப் பிறகு எத்தனையோ பறிப்பு முடிந்தது. மற்றவர்களின் காயையெல்லாம் நல்ல காய் என்ற வாய், என் காயைப் பார்த்து ஒருமுறைகூட அதைச் சொல்லவில்லை. பேசாமல் தலையை ஆட்டிவிட்டுத் தட்டை நகர்த்துவாய். நான் அதற்காகவே காத்துக்கிடந்தேன் என்று இன்றைக்கு வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

பிறகு உனக்கு ஒரு கொடுங்காய்ச்சல் வந்தது. பிழைத்து எழுந்தவன் ஏல வேலையை விட்டுவிட்டாய். ஏன் என்று கேட்டதற்கு, "சோலி அலுத்துப்போச்சு" என்றாய். சரி, தோட்டம் துரவு பார்ப்பாய் என்று நினைத்தேன். நீயோ, உன் மூக்கின் பேரைக் கேட்டுக் கூப்பிட்டார்கள் என்று, மலை மேலே புதிதாக வந்த ரிசார்ட்டில், சனிக்கிழமை சாயங்காலம் விருந்தாளிகளுக்கு வைன் ருசி சொல்லும் உத்தியோகத்தில் போய்ச் சேர்ந்தாய்.

அந்தக் கிச்சனுக்கு ஏலக்காய் கொடுப்பவன் நான்தான். உன் கூத்தைக் கதவோரம் நின்று பார்த்தேன். இஸ்திரி போட்ட சட்டை. கிளாசின் காலை இரண்டு விரலால் பிடித்து ஒரு சுழற்று, ஒரு மோப்பம், கண்ணை மூடி ஒரு மௌனம். "முதல்ல ஈர மண் வாசனை வரும். அப்புறம் பழைய தோல். நாக்குக்கு அடியில கொஞ்சம் புகையிலை." சென்னையிலிருந்து வந்த ஓர் அம்மணி, "ஆமாமா, புகையிலை!" என்று உருகினார். அவர் ஜென்மத்தில் புகையிலையை வாயில் வைத்திருக்க மாட்டார். கூட இருந்தவர்கள் அதையும் போனில் குறித்துக்கொண்டார்கள். காயைப் பார்த்து ஒரு சொல்லுக்கு மேல் பேசாதவன், இவர்களுக்கு முன்னால் வாய் ஓயாமல் அளக்கிறானே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த சனிக்கிழமை ஒரு காரியம் செய்தேன். மதியமே பாட்டிலைத் திறந்து காற்றாட வைப்பது அங்கே ஒரு சடங்கு. நான் ஆறு காயை நசுக்கி, விரல் பருமனுக்குத் துணியில் முடிந்து, நூல் கட்டி உள்ளே இறக்கினேன். சாயங்காலம் வெளியே இழுத்தபோது பாட்டில் வாயெல்லாம் ஏலக்காய் தூக்கலாக மணத்தது. முதல் மோப்பத்திலேயே கண்டுபிடித்து, "எவன்டா இது?" என்று நீ கத்துவாய், உன் வேஷம் கலையும் என்பதுதான் என் கணக்கு.

நீ சுழற்றினாய். மோந்தாய். கண்ணை மூடினாய்.

"ஈர மண்" என்றாய்.

அந்த அம்மணி மாதிரியே வேறொருத்தி, "சார், ஏலக்காய் வருதே?" என்றாள்.

"வராதுங்க. இந்தத் திராட்சையில அது வராது."

"இல்ல சார், பலமா வருது" என்று நாலு பேர் சொன்னார்கள். நீ மறுபடி மோந்து பார்த்தாய். உன் முகம் போன போக்கை நான் கவனித்திருக்க வேண்டும். நானோ பையிலிருந்து ஈர முடிச்சை எடுத்து மேசையில் போட்டு, "போடிக்காரனுக்கு ஏலக்காய் தெரியல, கேட்டீகளா!" என்று சிரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். என் அளவுக்கு யாரும் சிரிக்கவில்லை.

வெளியே ஜீப்புக்காக நின்றோம். நீ என் சட்டைப் பையில் கைவிட்டு, மீதியிருந்த காய்களில் ஒன்றை எடுத்தாய். பழையபடி நகத்தால் பிளந்து மூக்கில் வைத்து வெகுநேரம் இழுத்தாய்.

"இந்தக் காய் எப்படி இருக்கு மாப்ளே? சொல்லு."

"ஒனக்குத்தான் வாயி இருக்கே. ஈர மண்ணு, செருப்புத் தோலு... நீயே சொல்லிக்க" என்றேன்.

பிளந்த காயைத் திரும்ப என் பையிலேயே போட்டாய். "மூக்கு செத்து ரெண்டு வருசமாச்சு மாப்ளே. அந்தக் காய்ச்சலோட போச்சு."

ஜீப்பில் பாதி வளைவு இறங்கிய பிறகு, நான் கேட்காமலே சொன்னாய். "ஏலத்துல இருந்தா, தெரியாமயே நல்ல காயின்னு சொல்லணும். அதுக்கு வாயி வரல. இங்க எதச் சொன்னா என்ன, எவனுக்குக் கேடு?"

போடி வந்தது. இறங்கும்போது, "வர்றேன் மாப்ளே" என்று மட்டும் சொன்னாய்.

ரிசார்ட்டில் உன்னை மறுபடி கூப்பிடவில்லை. மூக்கு நன்றாக இருக்கிற ஒருவனை வெளியூரிலிருந்து கொண்டுவந்தார்கள். அவனும் ஈர மண், பழைய தோல் என்றுதான் சொன்னான். கேட்டவர்கள் அதையும் குறித்துக்கொண்டார்கள். நீ அதற்குப் பிறகு மலையேறவில்லை. மறு வருடம் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோயிற்று. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்த முட்டாள் நான்.

மருமகன் கிளாசை நீட்டியபடி, "ஏலக்காய் தெரியுதா மாமா?" என்றார். "இல்ல மாப்பிள்ள, இதுல ஏலக்காயே இல்ல" என்றேன். அவர் முகம் சுருங்கிப்போனது. அவருக்காக ஒரு பொய் சொல்லியிருக்கலாம், யாருக்கும் கேடில்லை. எனக்கும் வாய் வரவில்லை.

அந்தப் பிளந்த காய் இன்னும் என்னிடம் இருக்கிறது. பணப்பையின் உள்ளறையில் ஒரு தாளில் மடித்து வைத்திருக்கிறேன். மணம் போய்விட்டது, இப்போது என் மூக்குக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அது எந்த ஈட்டில் உலர்ந்த காய் என்பது தெரியும். அந்த வாரம் அடுப்படியை விட்டு நான் நகரவே இல்லை. நீ கேட்டதற்கு அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

நல்ல காய் மாப்ளே. நான் தூங்கல.